படகிலே பஞ்சணை

வீட்டிலே கிடக்கும் மெத்தைக்கும் படகிலே கிடக்கும் மெத்தைக்கும் பெயர் ஒன்றாயினும் கடமை ஒன்றன்று. வீட்டு மெத்தை மனிதனுடைய எடையைத் தாங்கினாற் போதும். படகு மெத்தையோ அந்த எடையோடு அலையின் அடியையும், வெயிலையும், உப்பையும், மண்ணெண்ணெயையும், இவையெல்லாவற்றுக்கும் மேலாகத் தண்ணீரையும் தாங்க வேண்டியிருக்கிறது. இவ்வேறுபாட்டை எண்ணிப் பாராமல், நாற்காலிக்கென்று கடையில் விற்கப்படும் ஸ்பொஞ்சை வாங்கிப் படகிற் போட்டவர், ஒரு சோளகக் காலம் கழிவதற்குள் அதைக் கரையிலே எறிந்துவிட்டு, மறுபடியும் வெறும் பலகையில் உட்காருவார். பணம் போயிற்று, முதுகுவலி மட்டும் மிஞ்சிற்று.

மன்னார்ப் பகுதியில் தண்ணீர் இருவகைப்படும். பேசாலை, தலைமன்னார், வங்காலை முதலிய ஊர்களின் வாசலில் இருப்பது உப்புக் கடல். அங்கிருந்து உள்நாட்டை நோக்கிச் சில மைல் சென்றால், அருவியாற்றின் நீரைத் தேக்கம் என்னும் அணையிலிருந்து வாய்க்கால் வழியே பெற்று, பரந்த வயல்வெளிகளுக்கு ஊட்டுகின்ற கட்டுக்கரைக்குளம் கிடக்கிறது. கடலிலே இயந்திரப் படகு. குளத்திலே துடுப்பால் வலிக்கும் சிறு தோணி. இவ்விரண்டிலும் மனிதர் மணிக்கணக்காக உட்கார்ந்தே பிழைக்கின்றனர். ஆயினும் கடலுக்கு ஏற்ற இருக்கையும் குளத்துக்கு ஏற்ற இருக்கையும் முற்றிலும் ஒன்றாக இருப்பதில்லை. அதன் காரணம் பின்னர் விளங்கும்.

‘நம்முடைய தகப்பன்மார் மெத்தை போட்டா கடலுக்குப் போனார்கள்?’ என்று முதியோர் கேட்பதுண்டு. கேள்வி நியாயமானதே. ஆனால் பாய் விரித்தோடிய வள்ளம் அலைமீது ஏறி இறங்கிற்று. அலையை மோதிப் பிளந்து ஓடவில்லை. அதிலிருந்தோர் கயிற்றுச் சுருளின்மீதோ மடித்த பாயின்மீதோ சாய்ந்திருந்தனர். இன்றுள்ள கண்ணாடியிழைப் படகோ 18 அடி நீளமுடையது, எடை குறைந்தது, பின்புறத்திற் பூட்டிய இயந்திரத்தால் விரைந்து செல்வது. அதை ஓட்டுபவர் பின்பலகையில் ஒருக்களித்து அமர்ந்து, இயந்திரத்தின் கைபிடியை ஒரு கையாற் பற்றிக்கொண்டு, உடலைத் திருகி முன்னே பார்க்கிறார். படகின் அடி அலையில் விழுந்தெழும் ஒவ்வொரு முறையும் அந்த அடி பலகை வழியாக அவருடைய முதுகெலும்பைச் சென்று சேர்கிறது. வாடைக் காற்று வீசும் நாளில் இவ்வாறு எத்தனை ஆயிரம் அடிகள் விழுகின்றன என்பதை அவர் எண்ணுவதில்லை, முதுகு எண்ணிக்கொள்கிறது. ஆகவே படகிலே மெத்தை என்பது சொகுசன்று. அது தொழிற்கருவிகளுள் ஒன்று.

படகில் இருப்பதற்கு மனிதர் முதலில் நாடிய பொருள்கள் மரஞ்செடிகள் தந்தவையே. தென்னந்தும்பு கடல்நீருக்கு எளிதில் அழியாதது. அதனாற்றான் கயிறாகவும் ஆயிற்று. இலவம் பஞ்சின் கதை இன்னும் சுவையானது. இலவ மரத்தின் காய் வெடித்து வரும் அந்தப் பஞ்சிழை, உள்ளே துளையுள்ள மெல்லிய குழாய் போன்றது. அதன் மேற்புறத்தில் இயற்கையாகவே மெழுகுப் பூச்சு உண்டு. ஆகையால் அது தண்ணீரில் நனைய மறுக்கிறது. தன் எடையைப்போல் ஏறத்தாழ 30 மடங்கு எடையை நீரில் மிதக்கவைக்க வல்லது என்பர். இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியிற் கப்பல்களிற் பயன்பட்ட உயிர்காப்பு அங்கிகளுட் பல இந்தப் பஞ்சினால் நிரப்பப்பட்டவை. 1942ஆம் ஆண்டில் யப்பானியர் யாவாத் தீவைக் கைப்பற்றியபோது, உலகச் சந்தைக்கு வந்த இலவம் பஞ்சின் பெரும்பகுதி நின்றுபோயிற்று. அமெரிக்கர் தங்கள் நாட்டு எருக்கினச் செடியொன்றின் பஞ்சைப் பொறுக்கி அங்கிகளை நிரப்ப நேர்ந்தது. இலவு காத்த கிளியைப் பார்த்து நகைப்பவர்கள், அந்தக் கிளி காத்த பொருளுக்காக ஒரு வல்லரசு தவித்ததையும் அறிந்திருத்தல் நல்லது.

இலவம் பஞ்சுக்குக் குறைகளும் உண்டு. மேலே உட்கார உட்கார அது நசுங்கிக் கட்டிபடும். இழைக்குள்ளிருக்கும் காற்று வெளியேறும். எண்ணெய் பட்டால் மெழுகுப் பூச்சின் காவல் நீங்கி, தண்ணீர் உள்ளே புகும். இயந்திரப் படகில் எண்ணெய் படாத மூலையே இல்லை. ஆதலின் அதன் காலம் முடிந்தது.

அடுத்து வந்தது இறப்பர் நுரை. 1876ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் கியூ பூங்காவிலிருந்து வந்த இறப்பர் நாற்றுகள் கம்பஹாவுக்கு அண்மையிலுள்ள ஹெனரத்கொடைத் தாவரப் பூங்காவில் நடப்பட்டன என்பதை நேயர்கள் அறிவர். அவ்வினத்து மரங்களின் பாலை நுரைக்கச் செய்து, அச்சில் ஊற்றி, அவித்து மெத்தையாக்கும் முறையை 1929ஆம் ஆண்டளவில் பேர்மிங்காமில் இருந்த டன்லப் ஆய்வுகூடத்தார் கண்டனர். மனைவிமார் கேக் மாவை அடித்து நுரைக்கவைப்பதை ஒத்த வேலைதான் அது. 1937இல் ஜெர்மனியில் ஒட்டோ பேயர் என்னும் இரசாயன அறிஞர் பொலியூரெத்தேன் என்ற பொருளை உண்டாக்கினார். 1950களில் அதிலிருந்து மென்மையான நுரை பெருமளவில் ஆக்கப்பட்டது. இன்று கடைகளில் ஸ்பொஞ்ச் என்று கேட்டாற் கிடைப்பது பெரும்பாலும் இதுவே.

இனி, நுரை என்பதன் உள்ளமைப்பை அறிந்துகொள்ளுதல் வேண்டும். நுரையாவது, எண்ணற்ற சிறு கண்ணறைகளின் தொகுதி. அக்கண்ணறைகளின் சுவர்கள் உடைந்து ஒன்றோடொன்று வழி திறந்திருந்தால் அது திறந்த கண்ணறை நுரை. ஒவ்வொரு கண்ணறையும் தனித்தனியே அடைபட்டிருந்தால் அது மூடிய கண்ணறை நுரை. வீட்டு ஸ்பொஞ்ச் முதல் வகையைச் சேர்ந்தது. இரண்டாம் வகைக்கு எடுத்துக்காட்டுத் தேடி எங்கும் செல்ல வேண்டியதில்லை. காலிற் போடும் மெல்லிய நுரைச் செருப்பே போதும். அச்செருப்பு கடலில் விழுந்தால் மூழ்குவதில்லை. மாதக்கணக்கில் மிதந்து எந்தக் கரையிலேனும் ஒதுங்குகிறது. பழஞ்செருப்பை வட்டமாக வெட்டி வலைக்கு மிதப்பாகக் கட்டும் மீனவர், மூடிய கண்ணறையின் இயல்பைப் புத்தகமின்றியே கண்டவர்கள்.

இந்த வேறுபாடு எவ்வளவு பெரியதென்பதை ஒரு சிறு கணக்குக் காட்டும். 45 சென்ரிமீற்றர் நீளமும், 45 சென்ரிமீற்றர் அகலமும், 10 சென்ரிமீற்றர் தடிப்புமுள்ள மெத்தையொன்றின் கனவளவு ஏறத்தாழ 20 லீற்றர். நல்ல நுரையிற் செய்த இம்மெத்தை உலர்ந்திருக்கும்போது 600 கிராம் அளவே நிறுக்கும். திறந்த கண்ணறை நுரையாயின், முற்றும் நனைந்தபின் அதற்குள் 20 கிலோகிராமுக்கு அணித்தான தண்ணீர் நின்றுவிடும். அத்தகைய மெத்தைகள் நான்கு படகில் இருந்தால், கண்ணுக்குத் தெரியாத ஓர் ஆள் ஏறிக்கொண்டதற்குச் சமம். அந்த ஆள் வலை இழுப்பதுமில்லை, இறைப்பதுமில்லை. மூடிய கண்ணறை நுரையாயின், அதே அளவுள்ள மெத்தை தண்ணீரைக் குடிப்பதற்குப் பதிலாக, ஏறத்தாழ 20 கிலோகிராம் எடையைத் தண்ணீரில் தூக்கி நிறுத்தும். ஒரே உருவம், ஒரே உலர்ந்த எடை. ஆயினும் ஒன்று சுமை, மற்றது துணை.

‘றெக்சினால் உறை தைத்துவிட்டால் தண்ணீர் எப்படிப் புகும்?’ என்று சிலர் நினைப்பர். தைக்கும் ஊசி இட்ட ஒவ்வொரு துளையும் ஒரு வாசலாகும். மேலும், உட்கார்ந்தவர் எழுந்திருக்கும்போது நசுங்கியிருந்த நுரை விரிகிறது. விரியும்போது வெளியிலுள்ளதை உள்ளே இழுக்கிறது. மெத்தையின் ஓரத்திலே சிறிது தண்ணீர் தேங்கி நின்றால், இழுபடுவது காற்றன்று, அந்தத் தண்ணீரே. ஆகவே ஒவ்வொரு முறை எழுந்து அமர்வதும் சிறிய பம்பு ஒன்றை அடிப்பது போலாகும். உள்ளே புகுந்த நீருக்கு வெளியே வர அதேயளவு வழி இல்லை. மேலே பளபளப்பாகத் தோன்றும் உறைக்குள் நாட்கணக்காகக் கடல்நீர் கிடந்து நாறுவது இதனாலேயே.

அந்த நீர் ஒருவாறு ஆவியாகிவிட்டாலும் உப்பு எஞ்சி நிற்கும். காற்றின் ஈரப்பதன் நூற்றுக்கு 75 அளவைத் தாண்டினால் உப்பு காற்றிலுள்ள ஈரத்தைத் தானே உறிஞ்சத் தொடங்கும். கடலுப்பில் மக்னீசிய உப்புகளும் கலந்திருப்பதால் அதற்கு முன்னரே கசியும். மழைநாளில் அடுக்களை உப்புச்சாடி நீர் விடுவதைப் பார்த்தவர்க்கு இது புதிதன்று. எனவே கடல்நீர் குடித்த மெத்தை பகலில் வெயிலிற் காய்ந்தாலும் இரவில் மீண்டும் ஈரமாகும். நன்னீரில் அலசினாலன்றி அதற்கு விமோசனமில்லை. குடிக்கும் நீருக்கே காத்திருக்கும் கரையோர வீடுகளில் மெத்தை அலச வாளி வாளியாக நன்னீர் செலவிடுவார் யார்?

கட்டுக்கரைக்குளத்துத் தோணிக்கு இந்தத் தொல்லை இல்லை. அங்கே நனைந்த ஸ்பொஞ்சைப் பிழிந்து அணைக்கட்டில் வெயிலிற் போட்டால் உண்மையாகவே காய்ந்துவிடும். அலையின் அடியும் அங்கே மிகக் குறைவு. ஆதலால் குளத்திலே மலிவான நுரை ஓரளவு பிழைத்துப் போகிறது. ஆனால் உப்பில்லாத ஈரத்தில் பூஞ்சணம் விரைவில் படரும் என்பதை மறத்தலாகாது. குளத்திற் பிழைத்தது கடலிலும் பிழைக்கும் என்று எண்ணி அதே மெத்தையை வங்காலைக்குக் கொண்டுபோவதே தவறு.

கடைக்குச் செல்பவர் பெரும்பாலும் ஏமாறுவது மற்றொரு விடயத்தில். கைவிரலால் அழுத்திப் பார்த்து, கடினமாயிருந்தால் நல்லதென்றும் மெதுவாயிருந்தால் கூடாதென்றும் முடிவு செய்கின்றனர். கடினம் வேறு, அடர்த்தி வேறு. அடர்த்தி என்பது ஒரு கனமீற்றர் நுரை எத்தனை கிலோகிராம் நிறுக்கும் என்பது. கடினம் என்பது அதை நசுக்க எவ்வளவு விசை வேண்டும் என்பது. தொழிற்சாலைகளில் 10 சென்ரிமீற்றர் தடிப்புள்ள துண்டின்மேல் வட்டத்தகடொன்றை வைத்து, தடிப்பிற் காற்பங்கு அமுங்கும்வரை அழுத்தி அந்த விசையை அளப்பர். அடர்த்தி குறைந்த நுரையையும் இரசாயன முறையாற் கடினமாக்கலாம். அது கடையிலே கையை எதிர்த்து நிற்கும்; சில மாதங்களில் பள்ளம் விழுந்துவிடும். நெடுநாள் உழைப்பதற்குக் காரணம் அடர்த்தியே. கனமீற்றருக்கு ஏறத்தாழ 30 கிலோகிராமோ அதற்கு மேலோ உள்ள நுரையே இருக்கைக்கு உகந்தது. மலிவுச் சரக்கு 20க்கும் கீழே நிற்கும். தராசு இருந்தால் போதும்; நீள அகலத் தடிப்பைப் பெருக்கி, எடையை வகுத்துப் பள்ளிக்கூடப் பிள்ளையே இதைக் கண்டுபிடித்துச் சொல்லிவிடும். சில சரக்குகளில் எடை காட்டுவதற்காகச் சுண்ணத்தூள் கலப்பதுண்டு. வெட்டிய முகத்தைக் கறுப்புத் துணியில் தேய்த்தால் அந்த வெள்ளைத்தூள் காட்டிக்கொடுக்கும்.

மெதுவான மெத்தை முதுகுக்கு நல்லதென்ற நம்பிக்கையும் ஆராயத்தக்கது. அமைதியான நீரில் அது உண்மை. ஆனால் படகு அலையில் விழும்போது உட்கார்ந்திருப்பவரின் எடை சிறிது நேரத்துக்குப் பன்மடங்காகிறது. மெதுவான நுரை அப்போது அடிமட்டம்வரை நசுங்கி, அவரைப் பலகையின்மேல் இறக்கிவிடுகிறது. பின்பு வில்லைப்போல விரிந்து மேலே தள்ளுகிறது. மெத்தையின்றி உட்கார்ந்திருந்தால் கால்களை ஊன்றி எச்சரிக்கையாக இருந்திருப்பார். மெத்தையை நம்பித் தளர்ந்திருந்தபடியால் அடி முழுவதும் இடுப்பில் விழுகிறது.

ஆகவே மூடிய கண்ணறை நுரைதான் எல்லாவற்றுக்கும் மருந்து என்று சொல்லிவிடலாமா? அதற்கும் குறைகள் உள. செருப்பின் குதிக்காற் பக்கம் காலப்போக்கில் தட்டையாகித் தேய்ந்துபோவதைப் பார்க்கிறோம். தொடர்ந்து அழுத்தம் விழுமிடத்தில் கண்ணறைகளிலிருந்த வாயு மெல்ல மெல்லக் கசிந்துவிடுவதும், சுவர்கள் மடிந்துவிடுவதுமே அதற்குக் காரணம். அன்றியும் அந்நுரை காற்றை ஊடுருவ விடாது. வெயிலில் நெடுநேரம் இருந்தால் உடம்பு வேர்த்துப் புழுங்கும். தனியே அதன்மீது உட்கார்ந்தால் பலகையைவிடச் சற்றே மேல் என்று தோன்றும்.

இதற்குச் சிறந்த வழி இரண்டடுக்கு. கீழே 5 சென்ரிமீற்றர் தடிப்பில் மூடிய கண்ணறை நுரை. பொலித்தீன் நுரையோ, செருப்புக்குரிய ஈ.வி.ஏ. என்னும் நுரையோ ஆகலாம். அதன் மேலே 2 அல்லது 3 சென்ரிமீற்றர் மெதுவான நுரை. பலத்த அடியைக் கீழடுக்கு வாங்கிக்கொள்ளும். உடம்புக்கு மேலடுக்கு இதமளிக்கும். மேலடுக்கு நனைந்தாலும் மெல்லியதாகையால் சிறிது நீரையே குடிக்கும். விலையும் ஒரேயடியாக ஏறாது.

பிறநாட்டு உல்லாசப் பாய்ப்படகுகளில், சுக்கான் பிடிப்போர் அமரும் திறந்த பள்ளத்தின் இருக்கைகளுக்கு மற்றொரு வகை நுரையையும் கையாளுகின்றனர். அது கண்ணறைச் சுவர்களை முற்றாக நீக்கி, வலைபோன்ற எலும்புக்கூட்டை மட்டும் நிறுத்திய நுரை. ஹைதரசன் வாயுவும் ஒட்சிசனும் கலந்த கலவையை உள்ளே நிரப்பிக் கொளுத்தினால் மெல்லிய சுவர்கள் மறைந்துவிடும். இதன்மேல் வாளி நீரை ஊற்றினால் மறுபக்கத்தால் ஓடிவிடுகிறது. மெத்தை விரைவில் உலர்கிறது. ஆனால் விலை மிக அதிகம். மீன்பிடித் தொழிலுக்கு அது கட்டுப்படியாகாது. அதே வேலையை ஏறக்குறையச் செய்யக்கூடிய எளிய உறவினர் நம் நாட்டிலேயே உண்டு. சுருட்டிய தென்னந்தும்பின்மேல் இறப்பர்ப் பால் தெளித்து அழுத்திச் செய்யும் தும்பு மெத்தைதான் அது. நீர் அதனூடே வடிந்துவிடும். மண்ணெண்ணெய் மட்டும் படாமற் காத்தல் வேண்டும். இயற்கை இறப்பர் அதில் ஊறி வீங்கிக் குழைந்துவிடும். பெற்றோல் பட்டால் ரெஜிபோம் கரைந்தே போகும். ரெஜிபோமை இருக்கையாக வைப்பதும் வீண் வேலை. மிதக்குமே தவிர, மனித எடையில் நொறுங்கி மணிமணியாகக் கடலிற் கலக்கும்.

வாங்குமுன் செய்யத்தக்க சோதனை ஒன்றுண்டு. நுரைத்துண்டை வாயோடு அழுத்தி ஊதவேண்டும். மூச்சு மறுபக்கம் சென்றால் திறந்த கண்ணறை, செல்லாவிட்டால் மூடியது. ஐயமிருந்தால் சிறு துண்டொன்றை நிறுத்து, வாளி நீரில் கல்லேற்றி ஓரிரவு அமிழ்த்தி, மறுநாள் மேற்புறத்தைத் துடைத்துவிட்டு மீண்டும் நிறுக்கலாம். எடை பன்மடங்காகப் பெருகியிருந்தால் அதைப் படகின் பக்கம் கொண்டுவராமலிருப்பதே நன்று.

உறையைப் பற்றியும் சிறிது சொல்லவேண்டும். பொலியூரெத்தேன் நுரை வெயில் நேரே பட்டால் மஞ்சளித்து, மாவாக உதிரும். ஆகவே உறை தடித்ததாயிருத்தல் அவசியம். வெளிறிய நிறமாயிருந்தால் உச்சிவேளையில் தொடை பொசுங்காது. மேற்புறம் றெக்சினோ கித்தானோ ஆகலாம். அடிப்புறம் மட்டும் வலைத்துணியாக இருத்தல் வேண்டும். உள்ளே புகுந்த நீர் வெளியேறும் வாசல் அதுவே. தையல் பக்கவாட்டின் கீழோரத்தில் வரவேண்டும். பருத்தி நூல் உப்பிலும் வெயிலிலும் விரைவில் இற்றுப்போகும். பொலியெஸ்டர் நூலே தகுந்தது. உலோகப் பல்லுள்ள சிப் வேண்டாம். இயந்திரத்தின் சூடான பாகத்தின் அருகிலும், புகைப்பவர் கைக்கருகிலும் மெத்தையை வைக்கலாகாது. பொலியூரெத்தேன் எரியும்போது எழும் புகையில் காபனோரொட்சைட்டும் ஐதரசன் சயனைட்டும் கலந்திருக்கும், இரண்டும் உயிர்க்கொல்லிகள்.

மூடிய கண்ணறை மெத்தை ஏறத்தாழ 20 கிலோகிராம் எடையைத் தூக்குமென்று மேலே கண்டோம். நீரில் விழுந்த மனிதனின் தலையை மேலே நிறுத்துவதற்குச் சாதாரணமாக 3 முதல் 6 கிலோகிராம் மிதப்பு விசை போதும். அப்படியாயின் இந்த மெத்தையே உயிர்காப்பு அங்கியாகிவிடாதா என்ற எண்ணம் எழும். இங்கேதான் மிகுந்த எச்சரிக்கை வேண்டும். அமெரிக்கக் கரையோரக் காவற்படையினர் அங்கீகரிக்கும் மிதவை மெத்தைகள் உள. அவை குறைந்தது 18 இறாத்தல் மிதப்பு விசையுடையவை. இருபுறமும் பட்டிகள் தைக்கப்பட்டவை. ஆனால் அவை நீரில் விழுந்தவரை நோக்கி எறிவதற்கே ஆனவை. விழுந்தவர் அப்பட்டிகளிற் கைகளை நுழைத்து, மெத்தையை மார்போடு அணைத்துக்கொள்ள வேண்டும். அதை முதுகிற் கட்டிக்கொண்டால் மெத்தை முதுகை மேலே தூக்கி, முகத்தை நீருக்குள் அமிழ்த்திவிடும். நினைவிழந்தவர் எதையும் அணைத்துக்கொள்ள மாட்டார். குளிரில் விறைத்த கையும் நெடுநேரம் பிடித்துக்கொள்ளாது. உடம்பிற் பூட்டிய உயிர்காப்பு அங்கி செய்யும் வேலையை மெத்தை செய்யாது.

ஆயினும் அங்கி அணியாமலே ஒருவர் தவறி விழுந்துவிட்டால், படகிலிருப்பவர் கைக்கு முதலில் அகப்படுவது தாம் உட்கார்ந்திருந்த மெத்தையேயாகும். ஆதலால் அதன் இரு பக்கங்களிலும் கை நுழையுமளவு தளர்வாக, அகன்ற நாடாப் பட்டியை உறையோடு சேர்த்து இரட்டைத் தையலாகத் தைப்பித்துக்கொள்ளுதல் வேண்டும். மெத்தையைப் பலகையோடு ஆணியடித்து இறுக்குவது ஆகாது; ஓர் இழுப்பில் அவிழும் சுருக்கு முடிச்சே போதும். தைத்து முடிந்தபின் முதல் வேலையாக அதைக் கரையோரத்து இடுப்பளவு நீரிலேயோ குளத்தின் ஓரத்திலேயோ எறிந்து, இளைஞர் ஒருவரை அணைத்துப் பார்க்கச் சொல்லலாம். மெத்தையின் எப்பக்கத்தைப் பிடித்தால் முகம் மேலே நிற்கிறது என்பதும், பட்டி எத்தனை விரற்கடை நீளம் வேண்டும் என்பதும் அப்போது தெரிந்துவிடும்.